லிஃப்ட்காரரின் வாக்குமூலம்

பெரியப்பா லிஃப்ட் ஓட்டினார். லிஃப்டை ஓட்டுவதா, அது என்ன வண்டியா என்று இப்போதுள்ளவர்கள் சிரிப்பார்கள். அந்தக் காலத்து லிஃப்ட் அப்படித்தான். ஏழு மாடி அரசாங்கக் கட்டடம். வெளியே ஒரு மடக்குக் கதவு, உள்ளே ஒரு மடக்குக் கதவு. உள்ளே பித்தளைக் கைப்பிடி. இடப்பக்கம் தள்ளினால் மேலே போகும், வலப்பக்கம் தள்ளினால் கீழே வரும், நடுவில் விட்டால் நிற்கும். எந்த இடத்தில் விடுவது என்பது கைப்பிடிக்குத் தெரியாது, பிடித்திருப்பவருக்குத்தான் தெரிய வேண்டும். ஒரு விரற்கடை ஏறியோ இறங்கியோ நின்றுவிட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள். முப்பத்தொரு வருஷத்தில் அவருடைய லிஃப்டில் யாரும் தடுக்கி விழவில்லை. இதை அவர் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று கட்டடத்துக் காவலாளி சொன்னார்.

அவர் பீற்றிக்கொண்டது வேறு விஷயத்தை. "இந்த ஆபீஸ்ல ஒரு நாளைக்கு இருநூறு தடவ உயர்வு கிடைச்சவன் நான் ஒருத்தன்தான். என்ன, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் இறக்கி விட்டுடுவாங்க."

அவர் போய் ஐந்து வாரம் ஆகிறது.

என் அப்பா அவருடைய தம்பி. அப்பாவும் அம்மாவும் ஒரு வருஷ இடைவெளியில் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. பெரியப்பாதான் வந்து கூட்டிப்போனார். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. பெரியம்மா, அவர்களுடைய மகன், நான். அந்த மகன் என்னைவிட ஆறு வயது மூத்தவன், எனக்கு அண்ணன். அவன் படித்து வேறு ஊருக்குப் போனான், பெரியம்மா இறந்தாள், எனக்குக் கல்யாணம் ஆயிற்று, அது நிலைக்காமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று பெரியப்பா கேட்கவில்லை. லிஃப்டுக்குள் வந்தவரிடம் மாடியைக் கேட்பதுபோல, "எந்த ரூம் வேணும்?" என்றுதான் கேட்டார்.

அவர் என்னை அம்மா என்று கூப்பிடுவார். வாம்மா, போம்மா, சாப்பிடும்மா என்று எல்லா வீட்டிலும் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுவதுதான். இவர் அதிலிருந்து வாவையும் போவையும் எடுத்துவிட்டு அம்மாவை மட்டும் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட வந்தபோதுகூட, "அம்மா எந்த வகுப்புல இருக்காங்க?" என்று கேட்டு ஆசிரியையைக் குழப்பினார். வீட்டில் அது பெரிய சிரிப்பு. யாரும் அதை ஒரு நாளும் பொருட்படுத்தவில்லை. இப்படி ஒரு சொல் பின்னால் கழுத்தை நெரிக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மறதி வந்ததும் முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வருகிறவர்களிடம், "எந்த மாடி?" என்பார். சிலிண்டர் போடுகிறவர் நல்ல மனிதர். உருளையைத் தோளில் வைத்துக்கொண்டே, "அஞ்சுங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் அசையாமல் நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து பெரியப்பா, "அஞ்சு. பாத்து இறங்குங்க" என்று வழி விடுவார். "அண்ணே, வழியில எங்கயும் நிறுத்தாம கொண்டு வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு உருளையை உள்ளே வைப்பார் அவர்.

பிறகு ஒரு நாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது பெரியப்பா கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டார். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஃபோன் வந்தது. அவருடைய பழைய கட்டடத்தில், இப்போது பொத்தான் வைத்த புது லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, இறங்க மாட்டேன் என்கிறாராம். பழைய காவலாளியின் மகன்தான் இப்போது காவலாளி. அவர் அடையாளம் கண்டு தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது பெரியப்பா சொன்னார்: "கைப்பிடியப் பிடுங்கிட்டாங்கம்மா. அது பாட்டுக்குப் போகுது. யாரு நிறுத்துறாங்கன்னே தெரியல."

அண்ணனிடம் மறைத்திருக்கலாம். நான்தான் சொன்னேன். அடுத்த வாரம் வந்தான். மேஜையில் ஒரு முதியோர் இல்லத்தின் வழவழப்பான தாளை விரித்து வைத்தான்.

"எங்க ஊர்ல இருக்கு. நர்ஸ் எந்நேரமும் இருப்பாங்க. நான் வாராவாரம் போய்ப் பாப்பேன்."

"அவரக் கேட்டியாண்ணா?"

"கேக்குற நிலைமையிலயா இருக்காரு?"

"கேட்டுப் பாரு. சொல்லுவாரு."

"அவரு சொல்லுவாரா, அவரு வாயில நீ சொல்லுவியா?" என்றான். தாளை என் பக்கம் நகர்த்தி, "இந்த வீட்ட வித்துட்டா உனக்குப் போக இடமில்ல. அது எனக்குப் புரியாமலில்ல" என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. அப்பா ஒரு நாள் தெருவில் அடிபட்டுக் கிடப்பார், ஃபோன் வரும் என்ற பயத்தில் அவன் தூங்காமல் இருந்தான். அது நிஜம். ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு வரி என் மேல் சாயம்போல ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு நான் பெரியப்பாவுக்காக என்ன பேசினாலும் வீட்டுக்காகப் பேசுவதாகத்தான் எனக்கே கேட்டது.

மூன்று வாரத்தில் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. தந்தை சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை, தன்னை அவருக்குப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும் என்று அண்ணன் மனு போட்டிருந்தான். விசாரணைக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது. கடிதத்தை வாங்கிப் படித்தவர் பெரியப்பாதான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "அம்மா, என்னை எங்கயோ இறக்கி விடப் போறாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

இதைச் சொல்லத்தான் எனக்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டார். நான் இங்கதான் இருப்பேன். மூன்று சொல். அந்த மூன்றும் அவர் நினைவில் இருக்கும்போதே ஒருவர் கேட்டு, சட்டம் ஒப்புக்கொள்கிற விதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வீட்டுப் பத்திரம் எழுதிக்கொடுத்த வக்கீலிடம் முதலில் போனேன். "மகன் அப்பாவப் பாத்துக்கறேங்கிறான். இத எதிர்த்து நான் என்னம்மா வாதாடுறது? பாத்துக்காதேன்னா?" என்று சிரித்தார். "நீங்க யாரு அவருக்கு?"

"தம்பி பொண்ணு."

"மகன் இருக்கும்போது தம்பி பொண்ணு எங்க வர்றீங்க?"

எல்லாரும் இதையே கேட்டார்கள். மதிய இடைவேளையில் நூலகக் கணினியில் பெயர் தேடுவேன், மாலையில் போய் நிற்பேன். ஒருவர் நிலத் தகராறு மட்டும்தான் பார்ப்பாராம். ஒருவர் விவாகரத்து. நான் போய் உட்கார்ந்ததும், "எத்தனை வருஷமா பிரிஞ்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டார்: "ஒன்னு தெளிவாச் சொல்லுங்க. அவரு பைத்தியம்னு நிரூபிக்கணுமா, பைத்தியம் இல்லன்னு நிரூபிக்கணுமா? ரெண்டுக்கும் ஃபைல் வேற வேற."

பதினாறு நாள் இப்படிப் போயிற்று. இதற்குள் பெரியப்பா இரண்டு தடவை செருப்பைக் குளிர்பெட்டியில் வைத்தார். காலையில் தெளிவாக இருப்பார், மாலையில் மங்குவார். பிறகு காலையிலும் மங்க ஆரம்பித்தது. தினமும் எழுந்ததும் நான் அவரிடம் ஓடி, "பெரியப்பா, நீங்க எங்க இருக்கணும்?" என்று கேட்பேன். "இங்கதான்" என்று வந்தால் அன்றைக்கு மூச்சு வரும்.

பதினேழாம் நாள் நீதிமன்ற வாசலில் மேஜை போட்டிருக்கும் பத்திர எழுத்தரிடம் அவரை அழைத்துப்போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "கவலையே படாதீங்க. வீட்ட உங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டாருன்னா அப்புறம் யாரு வெளிய அனுப்ப முடியும்? ஒரு கைநாட்டு போதும்" என்றார் அவர். ஐந்தே நிமிஷத்தில் அச்சடித்த தாளை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்து பெரியப்பாவின் கட்டை விரலைப் பிடித்தார்.

பெரியப்பா கையை இழுத்துக்கொண்டார். "மை எதுக்கு? நான் கையெழுத்துப் போடுவேனே. முப்பத்தொரு வருஷம் வருகைப் பதிவேட்டுல போட்டவன்." தாளை எடுத்து விரல் வைத்துப் படித்தார். ஒரு பக்கம் படிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்தர் கொட்டாவி விட்டார். படித்து முடித்ததும் பெரியப்பா என்னைப் பார்த்தார். "வீடு யாருக்குன்னு போட்டிருக்கு. நான் எங்க இருப்பேன்னு இதுல இல்லையேம்மா."

எழுத்தருக்கு ஆச்சரியம். "பெரியவர் இவ்வளவு தெளிவா இருக்காரே! அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

தாளை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகை. பெரியப்பா என் கையைத் தட்டிக்கொண்டே வந்தார், நான் அழுவது எதற்கென்று தெரியாமல்.

சர்க்கரைக்காக அவருக்கு மாதம் ஒரு தடவை இரத்தம் எடுக்க ஒரு பெண் வருவாள். அவள்தான் வழி சொன்னாள். "எங்க மாமியாருக்கு ஒரு வக்கீலம்மா பாத்தாங்கக்கா. வயசானவங்க கேஸ் மட்டும்தான் எடுப்பாங்க. இப்ப அவங்களுக்கே வயசாயிடுச்சு."

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பெரியப்பா படிக்கட்டின் அடியில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இங்க லிஃப்ட் போட இடமிருக்கே, ஏன் போடல?" என்று கடைக்காரரை அதட்டினார். முழங்கால் ஏற விடாது. நான் மட்டும் மேலே போய்ச் சொன்னதும் வக்கீலம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். என்னைவிட மெதுவாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்கினார். "வயசானவங்க வக்கீல், மூணாவது மாடியில ஆபீஸ். என் வீட்டுக்காரரே சிரிப்பாரு. என்ன பண்றது, கீழ இருக்கிற இடமெல்லாம் ஜெராக்ஸ்காரங்க எடுத்துட்டாங்க."

கடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பெரியப்பாவை ஒன்றில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தார். என்னைச் சாலைக்கு அந்தப்பக்கம் போய் நிற்கச் சொன்னார். வண்டிகளுக்கு நடுவே அவர்கள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. பெரியப்பா கையால் இடமும் வலமும் தள்ளிக் காட்டினார். வக்கீலம்மா சிரித்தார். நோட்டில் எழுதினார். இருபது நிமிஷம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மனுஷனுக்குத் தேதி தெரியல, மாசம் தெரியல. எங்க இருக்கணும்னு தெரியுது, ஏன்னும் தெரியுது. எனக்கு அது போதும்" என்றார். இருபத்திரண்டு நாளில் எனக்கு முதன்முதலாகக் காலடியில் தரை தட்டுப்பட்டது. "ஆனா கோர்ட்டுக்குப் போதாது. டாக்டர் சர்டிஃபிகேட் வேணும். அதுல ஒன்னு சொல்றேன், நல்லாக் கேளுங்க. டாக்டர் பேசும்போது நீங்க உள்ள போகக்கூடாது. உங்க நிழல்கூட அந்த ரூம்ல இருக்கக்கூடாது. புரியுதா?"

"புரியுது மேடம்."

புரிந்துதான் இருந்தது. புரிந்தும் போனேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். கூட்டம், இரைச்சல், யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். பெரியப்பா என் கைப்பையின் வாரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். பெயர் கூப்பிட்டபோது விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், மறுபடி பிடித்துக்கொண்டார். "பரவாயில்ல, நீங்களும் வாங்க. வெளிய இன்னும் நாப்பது பேர் இருக்காங்க" என்றார் டாக்டர். பெரியப்பாவை உள்ளே அனுப்பிவிட்டு நான் வாசலில் நின்றிருக்கலாம். ஐந்து நிமிஷம் அழுதிருப்பார், பிறகு பேசியிருப்பார். அந்த ஐந்து நிமிஷ அழுகையை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

டாக்டர் ஒரு தாளைப் பார்த்துக் கேட்டார். கிழமை என்ன? தெரியவில்லை. ஒரு பேனாவைக் காட்டினார். பேனா என்றார். அடுத்த கேள்வி அந்தத் தாளில் இருந்ததுதான், யாரும் திட்டமிடவில்லை.

"இப்ப நாம எத்தனாவது மாடியில இருக்கோம்?"

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை நாளுக்குப் பிறகு ஒருவர் அவரிடம் மாடியைப் பற்றிப் பேசுகிறார்! "உங்களுக்கு எங்க போகணும்?" என்று கேட்டார்.

டாக்டர் ஏதோ எழுதினார். பிறகு பேனாவால் என்னைக் காட்டினார். "இவங்க யாரு?"

"அம்மா."

"உங்க அம்மாவா?"

"ஆமா. எங்க அம்மா" என்றார், என் கையைத் தட்டிக்கொண்டு.

"டாக்டர், அவரு சின்ன வயசுலேர்ந்தே என்னை..."

"நீங்க பேசாதீங்க ப்ளீஸ்."

சான்றிதழில் நடுவில் ஒரு வரி இருந்தது. உடன் வந்த உறவுப் பெண்ணைத் தன் தாய் என அடையாளம் காண்கிறார்.

வக்கீலம்மா அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உள்ள போனீங்களா?"

தலையை ஆட்டினேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இத நாம தாக்கல் பண்ண வேண்டாம். ஆனா ஆஸ்பத்திரியில பிரதி இருக்கும். அந்தப் பக்கம் கேட்டா குடுத்துடுவாங்க" என்றார். கேட்டார்கள். கொடுத்துவிட்டார்கள்.

வேறு டாக்டருக்கு அலைந்தேன். கிடைத்த நாளெல்லாம் விசாரணைக்கு அடுத்த வாரத்தில்தான் இருந்தது. வக்கீலம்மா அவகாசம் கேட்டு மனு போட்டார், தள்ளுபடி செய்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்பது நாளில் நான் செய்த வேலை ஒன்றே ஒன்று. பெரியப்பாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

"பெரியப்பா, நான் யாரு?"

"அம்மா."

"இல்ல. தம்பி பொண்ணுன்னு சொல்லுங்க."

"தம்பி பொண்ணு."

"நான் யாரு?"

"அம்மா."

காலையில் பத்து தடவை, மாலையில் பத்து தடவை. எட்டாம் நாள் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "அம்மா இல்ல! அம்மான்னு சொல்லாதீங்க, தயவு செஞ்சு!" அவர் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"நீ அம்மா இல்லையா?" என்று கேட்டார்.

அத்தோடு பாடத்தை நிறுத்தினேன்.

நீதிமன்றம் நான்காவது மாடி. அங்கே லிஃப்ட் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பெரியப்பா பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் போய் முதுகை நிமிர்த்தி நின்றார். "எந்த மாடி?" என்று கேட்டார். ஒரு வக்கீல் குமாஸ்தா ஆறு என்றார், ஒரு கிழவர் மூன்று என்றார், நாங்கள் நான்கு. மூன்றில் கதவு திறந்ததும், "மூணு, பாத்து இறங்குங்க" என்று கிழவரின் முழங்கையைத் தொட்டார். நான்கில் நாங்கள் இறங்கினோம், அவர் இறங்கவில்லை. ஆறுக்குப் போக வேண்டிய ஆள் இருக்கிறாரே!

அழைத்து வர ஓடினேன். வக்கீலம்மா தடுத்தார். "விடுங்க. கூப்பிட இன்னும் நேரமிருக்கு. நான் பாத்துட்டிருக்கேன்." நாற்பது நிமிஷம் பெரியப்பா ஏறி இறங்கினார். ஃபைல் கட்டுகளோடு வந்தவர்களுக்குக் கதவைக் கையால் தடுத்துப் பிடித்தார். ஒரே நேரத்தில் ஐந்து பேர் ஐந்து மாடி சொன்னார்கள், ஐந்தையும் மறக்கவில்லை. செருப்பைக் குளிர்பெட்டியில் வைக்கிற மனிதர்.

அண்ணனும் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "பாத்தியா? இதத்தான் நான் சொல்றேன். கோர்ட்டுக்கு வந்திருக்கோம்னே அவருக்குத் தெரியல" என்றான்.

"ஒருத்தரக்கூட அவரு தப்பான மாடியில இறக்கி விடலண்ணா" என்றேன்.

இருவரும் ஒரே கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த முறை நான் உள்ளே போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் கழித்து வக்கீலம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னார்.

நீதிபதி மரியாதையாகத்தான் கேட்டாராம். "ஐயா, நீங்க எங்க இருக்க ஆசைப்படுறீங்க?"

"அம்மாகிட்ட" என்றாராம் பெரியப்பா. தடுமாற்றமே இல்லை. நான் இங்கதான் இருப்பேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அந்த மூன்று சொல்லுக்குத்தான் முப்பத்தெட்டு நாள் ஓடினேன். ஆனால் அந்த அறையில் இங்கே என்பது எங்கே? அதனால் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் போலிருக்கிறது.

வக்கீலம்மா எழுந்து, அம்மா என்பது என்னைத்தான், வீடுகளில் பெண்பிள்ளையை அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தானே என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். அண்ணனுடைய வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"ஐயா, உங்க அம்மா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்களே. வெளிய உக்காந்திருக்காங்க."

நீதிபதி சொன்னாராம்: "நானும் என் பொண்ண அம்மான்னுதான் கூப்பிடுறேன். ஆனா அவ எனக்கு அம்மா இல்லன்னு எனக்குத் தெரியும். இவருக்கு அது தெரியுமான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலையே, என்ன செய்ய?"

உத்தரவு அண்ணனுக்குக் கிடைத்தது.

"மேல்முறையீடு இருக்கு, நான் போடுறேன்" என்றார் வக்கீலம்மா. எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார். அன்றைக்கு அவரால் லிஃப்டில் ஏற முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

பெரியப்பா ஒரு பெட்டியோடு கிளம்பினார், நான் திரும்பி வந்தபோது கொண்டுவந்த அதே பெட்டி. வாசற்கதவில் கை வைத்து நின்று அண்ணனைப் பார்த்து, "எந்த மாடி?" என்றார். அண்ணனுக்கு அந்த விளையாட்டு தெரியாது. "கீழதாம்ப்பா, கார் நிக்குது" என்றான்.

"கீழ" என்று சொல்லிவிட்டு, அவர் தாழ்ப்பாளை வலப்பக்கம் தள்ளினார்.

இரண்டு மாதம் கழித்து அந்த இல்லத்துக்குப் போனேன். சுத்தமான இடம். ஒரே தளம், ஏறவோ இறங்கவோ ஒன்றுமில்லை. பெரியப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். நான் கையைப் பிடித்ததும் பிடித்துக்கொண்டார். நர்ஸ் மாத்திரை கொண்டு வந்தாள். அவளைப் பார்த்து, "அம்மா, இவங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, "மேடம், உங்களுக்கு எந்த மாடி?" என்று கேட்டார்.

"ரெண்டுங்க" என்றேன். அவர் எங்கேயும் என்னைக் கொண்டு போகவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் ஃபோன் செய்தான். அவன் எப்போதும் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுவதோடு சரி. வெகுநேரம் மருந்து, தூக்கம் என்று என்னென்னமோ சொன்னான். கடைசியில், "ஒன்னு கேக்கணும். அப்பா என்னை அப்பாங்கிறாரு" என்றான்.



"சின்ன வயசுல என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்ல. டேய்தான். இப்ப ரெண்டு வாரமா, 'அப்பா வந்துட்டீங்களா'ங்கிறாரு. இங்க டாக்டர் சொல்றாரு, அவருக்கு உங்க அடையாளம் தெரியலன்னு." மூச்சு இழுப்பது கேட்டது. "உன்ன அம்மான்னு கூப்பிட்டாரே. அது சும்மா கூப்பிட்டதுதானே? உன்னைத் தெரிஞ்சுதானே கூப்பிட்டாரு?"

அவனிடம் சொல்ல என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நீதிபதி சொன்ன அதே வரி. அதை நான் மாதக்கணக்கில் மனப்பாடமாக வைத்திருந்தேன். வாய்வரை வந்தது.

"உன்னைத்தாண்ணா கூப்பிடுறாரு. தெரியாத ஆள யாரும் அப்பான்னு கூப்பிட மாட்டாங்க" என்றேன்.

அது பொய் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பஸ் கண்டக்டர், கடைக்காரர், வழி கேட்டு நிற்கிறவர், எல்லாரும் நம் வாயில் ஏம்ப்பா, வாப்பா என்று அப்பாதான். அவன், "அன்னிக்குக் கோர்ட்டுல..." என்று ஆரம்பித்தான். அதை அவன் முடிக்க நான் உதவி செய்யவில்லை. அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

மூன்றாவது வாரம் பெரியப்பா இறந்துவிட்டார். தூக்கத்தில் என்றார்கள்.

அன்றைக்கு அந்த அறையில் அவர் யாரைச் சொன்னார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவருடைய அம்மாவை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. என்னைத்தான் என்று சில நாள் தோன்றும். சில நாள், எட்டாம் நாள் பாடத்தில் சுவரோரம் ஒடுங்கிய முகம் வந்து நிற்கும். அவருக்குத் தெரிந்திருந்த ஒன்றை நான்தான் பத்து பத்து தடவையாகக் கலைத்துவிட்டேனோ?

நேற்று ஒரு கடிதம் வந்தது. மேல்முறையீடு பட்டியலில் ஏறிவிட்டதாம். அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி, அதே கட்டடம், இந்த முறை ஆறாவது மாடி. சம்பந்தப்பட்ட முதியவர் நேரில் ஆஜராக வேண்டும் என்று அடிக்கோடிட்டிருந்தது. வக்கீலம்மாவுக்கு ஃபோன் செய்தேன்.

"ஆளு இல்லன்னு எழுதிக் குடுத்து முடிச்சு வைக்கணும். அஞ்சு நிமிஷ வேலை. நீங்க வர வேண்டியதில்லம்மா, அங்க உங்களுக்கு என்ன இருக்கு?" என்றார்.

"உள்ள வரல மேடம். வெளிய உக்காந்திருக்கேன்" என்றேன்.